பழைய உடைக்கு உரிய துணி

வரலாற்றை ஏட்டிற் படிப்பது ஒரு வகை. அதனைக் கண்முன்னே நடக்கக் காண்பது மற்றொரு வகை. மேலைநாடுகளில் இந்த இரண்டாம் வகைக்கு நெடுநாளாகவே மதிப்புண்டு. சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டொக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் என்பார் 1891 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஸ்கன்சன் என்னும் திறந்தவெளி நூதனசாலையைத் தொடக்கிவைத்தார். நாட்டின் பல பாகங்களிலுமிருந்து பழைய வீடுகள் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு அங்கே நிறுத்தப்பட்டன; அவ்வவ்விடத்து உடை தரித்தோர் அவற்றில் இருந்து, காண வருவோரை வரவேற்றனர். அமெரிக்காவில் வேர்ஜினியா மாநிலத்து வில்லியம்ஸ்பர்க் என்னும் பழைய நகரை 18 ஆம் நூற்றாண்டில் இருந்தவாறே புதுப்பிக்கும் பணி 1926 இல் தொடங்கிற்று. 1934 முதல் அந்நகரின் வழிகாட்டிகள் அந்நூற்றாண்டின் உடையிலேயே தோன்றலாயினர். அமெரிக்க விடுதலைப் போரின் முதல் வேட்டு 1775 ஏப்பிரல் 19 ஆம் நாள் லெக்சிங்ரன் என்னும் ஊரில் முழங்கியது. அந்நிகழ்ச்சியை அவ்வூர் மக்கள் ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகின்றனர். 2025 இல் அதன் 250 ஆம் ஆண்டு நிறைவும் அவ்வாறே கொண்டாடப்பட்டது.

இவ்வாறு பழமையை நடித்துக் காட்டுவோர் முதன்முதலில் நாடுவது உடையை. உடையின் வெட்டும் தையலும் எப்படியிருந்தன என்று அறிவது இக்காலத்தில் அரிதன்று. நூதனசாலைகளிலே பழைய உடைகள் பல உள்ளன. அவற்றை அளந்து, ஒவ்வொரு துண்டையும் வரைந்து காட்டிய நூல்களும் உள்ளன. ஜனற் ஆர்னல்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1964 இல் வெளியிடத் தொடங்கிய வரைபட நூல்கள் இத்துறையில் பெயர்பெற்றவை. கைதேர்ந்த தையற்காரர் ஒருவர் அவ்வரைபடத்தைப் பார்த்து அதே உடையைத் தைத்துவிடுதல் கூடும். ஆனால், எந்தத் துணியில் தைப்பது? வினா சிறிது; விடை தேடுவோர் நடக்கவேண்டிய வழியோ மிக நெடிது.

துணியொன்றன் இயல்பு அதன் நிறத்தோடும் கோலத்தோடும் முடிந்துவிடுவதில்லை. நார் எது, நூல் எவ்வாறு நூற்கப்பட்டது, தறியின் அகலம் எவ்வளவு, நெய்தபின் துணி எவ்வாறு பதஞ்செய்யப்பட்டது என்பனவெல்லாம் சேர்ந்தே ஒரு துணி உருவாகின்றது. 18 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் அணிந்த சட்டையை எடுத்துக்கொள்வோம். ஆளிச்செடியின் நாரினால் நெய்த லினன் துணியிற் சதுரமும் நீள்சதுரமுமாகப் பல துண்டுகளை வெட்டி, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தித் தைத்தனர். வளைத்து வெட்டி எறியும் துண்டு ஏறக்குறைய இல்லையென்றே கூறலாம். துணி அருமையான பொருள். அதில் ஒரு விரற்கடையும் வீணாகலாகாது என்பதே அவ்வெட்டின் இரகசியம். சட்டையின் அகலத்தைத் தீர்மானித்தது தறியின் அகலமே. இன்றைய ஆலைத்துணியோ அத்தறித்துணியைவிட மிக அகலமானது. அதனை வாங்கி அந்தச் சட்டையைத் தைப்போர், பழைய தையற்காரி அறியாத இடத்தில் வெட்டவும் அவள் அறியாத இடத்தில் மடிக்கவும் நேர்கின்றது.

கம்பளித் துணியிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. அக்காலத்துப் படைவீரரின் மேலங்கிக்குரிய துணியைத் தறியில் வேண்டியதைவிட மிக அகலமாக நெய்தனர். பின் நீராற்றலால் இயங்கும் ஆலைகளில் களிமண்ணும் சவர்க்காரமும் இட்டு, மரச்சம்மட்டிகளால் இடைவிடாது இடித்தனர். துணி சுருங்கி, நூலும் நூலும் ஒட்டிப் பிணைந்து, நெய்த அடையாளமே தெரியாதபடி அடர்ந்துவிடும். இத்தகைய துணியை வெட்டினால் ஓரத்தில் நூல் பிரியாது. ஆதலால் அக்காலத்து மேலங்கிகள் பலவற்றில் ஓரங்கள் மடித்துத் தைக்கப்படாமல் வெட்டியவாறே விடப்பட்டிருக்கின்றன. இன்றைய கடைக் கம்பளியில் இதனைச் செய்தால் ஒரு வாரத்தில் ஓரமெல்லாம் பிரிந்து தொங்கும். பிரியாதிருக்க மடித்துத் தைத்தாலோ அங்கியின் வடிவமே மாறிவிடுகின்றது.

இவற்றுக்கு மேலாகப் பெயர்கள் தரும் மயக்கம் ஒன்று உண்டு. பழைய கணக்கேடுகளில் ‘கொற்றன்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் காண்போர் அது பருத்தியைக் குறிப்பதென எண்ணுவது இயல்பே. ஆயினும் வடஇங்கிலாந்தின் கெண்டல் நகரத்து ‘கொற்றன்’ ஆட்டுமயிரில் நெய்த முரட்டுக் கம்பளியாகும். அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளுக்குக் கொடுக்கப்பட்ட ‘கொற்றனும்’ அவ்வினத்தைச் சேர்ந்ததே. இதற்கு மாறான மயக்கமும் உண்டு. ‘ஒஸ்னபேக்’ என்பது ஜெர்மனியின் ஒஸ்னபுறுக் நகரத்தாற் பெயர்பெற்ற முரட்டு லினன் துணி. இன்றும் அப்பெயரிலே கடைகளில் ஒரு துணி விற்கப்படுகின்றது. ஆனால் அது பருத்தித் துணி. பெயர் நிலைத்தது, பொருள் மாறியது. பெயரை மட்டும் நம்பித் துணி வாங்குவோர் ஏமாறுவது இவ்வாறுதான்.

துணி தேடுவோர் சட்டநூலையும் புரட்ட வேண்டியவராகின்றனர். இந்தியாவிலிருந்து சென்ற பருத்திச் சீட்டித் துணிகள் 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மக்களின் மனத்தை முற்றாகக் கவர்ந்தன. உள்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர் பிழைப்பிழந்து கிளர்ந்தெழுந்தனர். பிரான்ஸ் 1686 இல் அத்துணிகளைத் தடைசெய்தது; அத்தடை 1759 வரை நீடித்தது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1721 இல் இயற்றிய சட்டம், வண்ணமிட்ட பருத்தித் துணியை அணிவதையே குற்றமாக்கியது. 1736 இல் ஒரு தளர்வு ஏற்பட்டது: பாவு லினனாகவும் ஊடை பருத்தியாகவும் உள்ள கலப்புத் துணியில் அச்சிடலாம் என்றாயிற்று. ஆர்க்ரைற் 1769 இல் உரிமம் பெற்ற நூற்பு யந்திரம் பாவுக்கேற்ற உறுதியான பருத்தி நூலைத் தந்தது. அதன்பின் 1774 இல், பிரித்தானியாவில் நூற்று நெய்த முழுப்பருத்தித் துணியில் அச்சிடவும் அனுமதி கிடைத்தது. ஆனால் அத்துணியின் கரையில் மூன்று நீல நூல்கள் ஓடவேண்டும் என்பது நிபந்தனை. இந்நிபந்தனை 1811 வரை இருந்தது.

இவற்றிலிருந்து விளங்குவது யாது? 1765 ஆம் ஆண்டின் இலண்டன் வணிகன் மனைவியாகத் தோன்றும் ஒருத்தி, பிரித்தானியாவில் நெய்து அச்சிட்ட முழுப்பருத்திப் பூந்துணி அணிந்தால் அது காலத்துக்குப் பொருந்தாது. இருபது ஆண்டு கழிந்த காலத்தவளாகத் தோன்றினால் அதே துணி பொருந்தும். இலண்டன் மாநகரில் சட்டத்துக்கு மாறான இந்தியச் சீட்டி, அதே ஆண்டில் வேர்ஜினியாவிற் சட்டத்துக்கு அமைந்தது. ஏனெனில், அத்தடை குடியேற்ற நாடுகளுக்கு விரிக்கப்படவில்லை. கரையில் ஓடும் மூன்று நீல நூல்களைக் கண்ட ஆராய்ச்சியாளர், அத்துணியின் காலத்தை ஒரு நாணயத்தைப் பார்த்துக் கூறுவது போலக் கூறிவிடுகின்றனர்.

சட்டம் எவை விலக்கப்பட்டன என்று சொல்லும். மக்கள் உண்மையில் உடுத்தியதை யார் சொல்வது? நூதனசாலைப் பேழைகளில் இருப்பவை பெரும்பாலும் செல்வர் உடைகள். திருமணப் பட்டைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவர். வேலைக்காரியின் பாவாடையை யார் காப்பாற்றுவார்? அது நைந்து, கிழிந்து, குழந்தையின் அணையாடையாகி, இறுதியிற் கந்தலாகக் கடதாசி ஆலைக்குப் போய்விடும். ஏழையின் துணி எங்கே எஞ்சியிருக்கின்றது என்ற வினாவுக்குக் கிடைத்த விடை உள்ளத்தை உருக்குவது.

தொமஸ் கோரம் என்னும் கப்பற்றலைவரின் முயற்சியால், கைவிடப்படும் குழந்தைகளைக் காப்பதற்கு இலண்டனில் ஓர் இல்லம் அமைந்தது. 1741 இல் அது தன் முதற் குழந்தைகளை ஏற்றது. குழந்தையைக் கொண்டுவரும் தாய் தன் பெயரைச் சொல்ல வேண்டுவதில்லை. பிற்காலத்தில் மீட்க வந்தால் அடையாளங் காண்பதற்காக, ஒரு துண்டுத் துணி பதிவுத்தாளிற் குத்தி வைக்கப்பட்டது. சில துண்டுகளைத் தாய்மாரே கொடுத்தனர். சிலவற்றைக் குழந்தையின் உடையிலிருந்து எழுதுவினைஞர் கத்தரித்தெடுத்தனர். பூவச்சு, கட்டம், கோடு, நாடா என ஏறக்குறைய 5,000 துண்டுகள் அவ்வேடுகளில் இன்றும் உள்ளன. வெயில் படாமையால் அவற்றின் நிறம் அன்று போலவே இருக்கின்றது. 18 ஆம் நூற்றாண்டு எளிய மக்களின் துணிகள் இத்துணை பெருந்தொகையாக ஒருங்கே கிடைக்கும் இடம் வேறொன்றில்லை.

1741 முதல் 1760 வரை அவ்வில்லத்தில் ஏற்கப்பட்ட குழந்தைகள் 16,282. மீட்கப்பட்டவர்கள் 152 பேர் மட்டுமே. 1767 பெப்ரவரியில் ஒரு தாய், ஒட்டுத் துணியொன்றில் இதயவடிவம் தைத்து, அதனை இரண்டாக வெட்டி ஒரு பாதியை மகனோடு விட்டுச்சென்றாள். மறுபாதியோடு 1775 யூன் மாதத்தில் வந்து மகனை அழைத்துச் சென்றாள். அந்த அரிய பேறு மற்றைத் தாய்மாருட் பெரும்பாலோர்க்கு வாய்க்கவில்லை. யோன் ஸ்ரைல்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் இத்துண்டுகளை 2010 இல் இலண்டனிற் கண்காட்சியாக வைத்தார்; 2013 இல் வில்லியம்ஸ்பர்க்கிலும் அது வைக்கப்பட்டது. ஏழைப்பெண்கள் மங்கிய பழுப்புத் துணியே உடுத்தினர் என்று எண்ணியிருந்தோர் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அவர்களும் இயன்றமட்டிற் பூவும் கோடும் விரும்பி வாங்கியிருக்கின்றனர்.

மற்றொரு சான்று அடிமைகளைப் பற்றியது. வேர்ஜினியா முதலிய குடியேற்ற நாடுகளின் செய்தித்தாள்களில், தப்பியோடியவரைப் பிடித்துத் தருமாறு எசமானர் விளம்பரஞ் செய்தனர். பிடிப்போர் அடையாளங் காணவேண்டுமே என்று, ஓடியவர் என்ன துணியில் என்ன உடை அணிந்திருந்தார் என்பதையும் எழுதினர். மனிதரைப் பிடிக்க விரித்த வலை, இன்று அவர்தம் வாழ்வை அறியும் ஏடாயிற்று. தென் கரோலினாவில் 1735 இல் இயற்றப்பட்ட சட்டம், அடிமைகள் இன்னின்ன மலிவுத் துணிகளே உடுக்கலாம் என்று பட்டியலிட்டு வரையறுத்தது. 1740 இல் அது மீண்டும் வற்புறுத்தப்பட்டது. எனவே தோட்டத்து அடிமையொருவரின் வாழ்வை நடித்துக் காட்டுவோர் மெல்லிய இனிய துணியை உடுத்தித் தோன்றினால், தவறு உடையோடு நிற்பதில்லை. அக்கொடுமையே அவ்வளவு பெரிதன்று போலும் என்று காண்போர் எண்ணிவிடுவர். துணியின் உண்மை இங்கே நீதியோடு சேர்ந்துவிடுகின்றது.

இனி, நிறத்தைப் பார்ப்போம். 1856 இல் பேர்க்கின் என்னும் இளைஞர் கரிநெய்யிலிருந்து பெறப்படும் பொருளைக்கொண்டு ஊதாச் சாயமொன்றைக் கண்டார். 1868 இல் மஞ்சிட்டியின் செந்நிறப் பொருளை ஜெர்மானியர் இருவர் ஆய்வுகூடத்திற் செய்துகாட்டினர். 1897 இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. இவற்றுக்கு முற்பட்ட துணிகளின் நிறமெல்லாம் வேரும் இலையும் பூச்சியும் தந்தவை. பிரித்தானியப் படையைச் ‘செஞ்சட்டைப் படை’ என்பர். ஆயினும் அச்செம்மை எல்லார்க்கும் ஒன்றன்று. சாதாரண வீரனின் அங்கி மஞ்சிட்டி வேரிற் சாயமிடப்பட்டுச் செங்கல்லின் சாயலோடு இருந்தது. அதிகாரியின் அங்கியோ அமெரிக்காவிலிருந்து வந்த விலைமிக்க கொச்சினீல் பூச்சியின் சாயத்தால் ஒளிர்ந்தது. நூறு பேரையும் ஒரே ஆலைச் சிவப்பில் நிறுத்தினால், தூரத்திலிருந்தே தெரிந்த அந்த ஏற்றத்தாழ்வு மறைந்துபோகும்.

செந்நிறம் பற்றிய பேச்சு நம் கடற்கரைக்கே நம்மைக் கொண்டுவருகின்றது. ஐரோப்பியரை மயக்கிய சீட்டித் துணி, ஈழத்தில் நாம் சீத்தை என வழங்கும் அது, சோழமண்டலக் கரையிலிருந்து பெருந்தொகையாகச் சென்றது. அதன் நிறம் எத்தனை முறை தோய்த்தாலும் போகவில்லை என்பதே மேலைநாட்டாருக்குப் பெருவியப்பு. அவ்வித்தையை அறியப் பலர் முயன்றனர். பொலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படையாளர், 1734 ஆம் ஆண்டளவிற் புதுச்சேரியிலிருந்து, வேலையின் ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டு துணி வெட்டியெடுத்துக் குறிப்பெழுதினார். யேசுசபைக் குருவாகிய கேர்து 1742 இலும் 1747 இலும் அம்முறையைக் கடிதங்களில் விரித்தெழுதினார்.

அம்முறை பொறுமையின் வடிவம். வெளுத்த துணியை முதலிற் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காய் நிறம் பற்றச் செய்யும், பாற்கொழுப்பு நிறம் பரவாது தடுக்கும். பின் இரும்பை ஊறவைத்த நீராற் கரிய கோடுகளை எழுதுவர். சிவப்பு வேண்டிய இடங்களிற் படிகார நீரைத் தீட்டுவர். துணியைச் சாயவேர் இட்டுக் காய்ச்சினால் படிகாரம் பட்ட இடம் மட்டுமே செந்நிறம் பிடிக்கும். நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். சாணநீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, நீர் தெளித்துத் தெளித்து வெண்ணிலத்தை வெளுப்பர். இறுதியில் மஞ்சளைத் தீட்டுவர். நீலத்தின்மேற் பட்ட மஞ்சள் பச்சையாகும்.

அந்தச் சாயவேர் எங்கிருந்து வந்தது? இம்பூரல் எனவும் பெயர்பெற்ற அச்சிறு பூண்டு, கடற்கரை மணலில் தானாகவே முளைப்பது. சிப்பியின் சுண்ணம் கலந்த மணலில் வளர்ந்த வேரே நற்செந்நிறம் தருமென்பர். தென்னிந்தியக் கரையிலும், இங்கே மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலும் அது தோண்டப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சியிலே சாயவேர் அரசின் வருவாய்ப் பொருள்களுள் ஒன்று. வேர் தோண்டுதல் சில குடிகளின்மேற் கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டிருந்தது. கடும் வெயிலில் மணலைக் கிண்டி, நூல்போன்ற வேரை அறாமல் எடுத்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இன்று மேலைநாட்டு நூதனசாலையில் ஒரு சீட்டி அங்கி தொங்குமானால், அதனை அணிந்த சீமாட்டியின் பெயர் சீட்டில் எழுதப்பட்டிருத்தல் கூடும். அதனை நூற்றவள், நெய்தவன், எழுதியவன், வேர் கிண்டியவன் ஆகியோர் பெயரைக் காணமுடியாது.

செயற்கைச் செந்நிறம் மலிவாக வந்தபின் சாயவேருக்குத் தேவை குன்றிற்று. ஆந்திரத்து மசூலிப்பட்டினத்திலும் காளத்தியிலும் கலங்காரி வேலை இன்றும் நடக்கின்றது. ஆயினும் அங்கும் பெரும்பாலும் செயற்கைச் செந்நிறமே வழக்கத்தில் இருக்கின்றது. ஆகவே, பழைய சீட்டியை முற்றும் பழைய முறையிற் பெற விரும்புவோர்க்கு வேண்டியது கடைமுகவரி மட்டுமன்று. செடி, அதனைத் தோண்டத் தெரிந்த கை, நூற்கும் விரல், எழுதும் கோல் என்னும் சங்கிலி முழுவதும் வேண்டும். அதில் ஒரு கண்ணி அற்றாலும் துணி வேறாகிவிடும்.

அற்ற கண்ணியை மீட்பது இயலாததா? டாக்கா மஸ்லின் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அத்துணிக்குரிய பருத்திச்செடி அழிந்துபோயிற்றென்றே பலர் கருதியிருந்தனர். வங்காளதேசத்து ஆய்வாளர், நூதனசாலையிலிருந்த பழைய மஸ்லினின் மரபணுவை நாட்டிலுள்ள செடிகளோடு ஒப்பிட்டுத் தேடினர். நெருங்கிய இனத்தைப் பயிரிட்டு, நுண்ணூல் நூற்கப் பெண்களைப் பழக்கி, மீண்டும் மஸ்லின் நெய்தனர். 2020 இல் அத்துணிக்குப் புவிசார் உரிமை கிடைத்தது. பழைய உச்சநிலையை அது இன்னும் எட்டவில்லையெனினும், வழி அடைபட்டதன்று என்பது தெளிவாயிற்று.

எல்லார்க்கும் இத்துணை முயற்சி இயலாது. ஆதலின் இத்துறையில் அனுபவமுடையோர் சில நடைமுறைகளைக் கைக்கொள்கின்றனர். முதலில் ஆண்டையும் ஊரையும் தொழிலையும் நிச்சயித்துக்கொள்வர். அதன்பின்னரே துணி தேடுவர். கடையில் வாங்கும் துணியில் இரண்டு நூலை உருவி எரித்துப் பார்ப்பர். கம்பளி மயிர் கருகும் நாற்றந் தரும்; பருத்தியும் லினனும் கடதாசிபோல எரிந்து மெல்லிய சாம்பலாகும்; செயற்கை இழையோ உருகிக் கட்டியாகும். இது நம்பகத்துக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புக்கும் வேண்டிய சோதனை. ஏனெனில் துப்பாக்கிப் பொறியும் அடுப்புத்தீயும் அருகில் இருக்கும்போது உருகி உடலில் ஒட்டும் துணி பேராபத்து. அச்சுக்கட்டைச் சீட்டி வேண்டுவோர் இராசத்தானத்துக் கைவினைஞரை நாடுவதுமுண்டு. உரிய துணி கிடையாதவிடத்து அதற்கு அடுத்ததை உடுத்தி, ‘இது இன்னதற்கு ஈடாக உடுத்தது’ என்று காண வருவோர்க்கு எடுத்துச் சொல்வது நேர்மையுள்ளோர் வழக்கம். அவ்விளக்கத்தாலே வரலாறு மேலும் தெளிவாகின்றது.

பழங்காலத் துணியைத் தேடிப் புறப்படுவோர் பகட்டுக்காக அலைகின்றனர் என்று நகைப்போர் உண்டு. ஆயின், அத்தேடலே பெயரறியாத் தாய்மாரின் துணித்துண்டுகளையும் ஓடித்தப்ப முயன்ற அடிமையின் முரட்டு அங்கியையும் உலகறியச் செய்தது. மன்னர் வரலாற்றைக் கல்வெட்டுக்கள் சொல்லும். கல்வெட்டில் இடம்பெறாத மக்களின் வரலாறு பாவிலும் ஊடையிலும் கிடக்கின்றது. நம் நாட்டிலும் பாட்டிமார் பெட்டகங்களிற் பழஞ்சேலைத் துண்டுகள் இருக்கக்கூடும். அவற்றைக் கந்தலென்று எறியாமல், அணிந்தவர் யார், எங்கே வாங்கியது, எந்த ஆண்டளவிலானது என்று ஒரு தாளில் எழுதி உடன் வைத்தல் நன்று. வருங்காலத்தில் நம் வாழ்வை அறிய விரும்புவோர்க்கு அத்துண்டும் அத்தாளும் பேருதவியாக அமையும்.